கண்ணொளியும் கண்துயிலும்



உயிர் கண் போல்வது. ஆணவமலம் இருள் போல்வது. திருவருள் ஞாயிற்றின் ஒளி போல்வது. சித்தாந்தம் கேட்கப் புகுந்த சிறுவரும் முதல் நாளிலேயே கேட்டறியும் உவமைகள் இவை. இவ்வுவமைகள் நமக்கு மிகவும் பழகிப்போயின. பழகிய அளவாலேயே கண்ணென்பது யாது, ஒளி அதன்கட் செய்வது யாது என உவமானத்தை நின்று நோக்குவார் நம்மவருட் சிலரேயாயினர். உவமானத்தை அரைகுறையாக அறிந்தார் உவமேயத்தையும் அவ்வளவிற்றாகவே அறிவர் என்பது கருதி, ஈண்டுக் கண்ணிற் புகும் பகலொளியானது உடல்நலத்திற்கும் உறக்கத்திற்கும் ஆற்றும் உதவியைச் சிறிது விரித்துரைக்கப் புகுகின்றோம்.

இதனை இப்போது எடுத்துக்கொண்டமைக்கு வேறொரு காரணமும் உண்டு. கல்லூரிகளிற் பயிலும் நம் இளைஞர் பலர் எம்மை வினவுகின்றனர்: "உறங்குவதும் விழிப்பதும் உயிரின் அவத்தைகள் என்று நீவிர் கூறுகின்றீர். மூளையிலுள்ள ஒரு சிறு கடிகாரமும் கண்ணிற் படும் ஒளியுமே அவ்விரண்டையும் நடத்துகின்றன என்று விஞ்ஞானிகள் காட்டிவிட்டனர். இனி உயிரென ஒன்று வேண்டப்படுவது எற்றுக்கு?" என்பது அவர் வினா. இது பழைய உலோகாயதமே புதிய உடையுடுத்து வந்ததாகும். ஆயினும் வினவுவோர் நம் பிள்ளைகள்; உண்மையறியும் வேட்கையான் வினவுகின்றனர். அவரை வைதொதுக்குதல் சைவமாகாது. அவர் கூறும் விஞ்ஞானத்தை முதற்கண் உள்ளவாறு கேட்போமாக.

கண்ணின் உட்புறத்தே விழித்திரை என்றொரு மெல்லிய படலம் உண்டு. அதன்கண் ஒளியைக் கொள்ளும் செல்கள் இருவகைய. கோல் வடிவின மங்கிய ஒளியிற் காண உதவும். கூம்பு வடிவின மிக்க ஒளியில் நிறங்களைப் பிரித்தறிய உதவும். நெடுங்காலம் இவ்விரண்டே உளவென்று அறிஞர் கருதியிருந்தனர். 1923ஆம் ஆண்டில் அமெரிக்க தேசத்துக் கிளைட் கீலர் என்பவர், கோல்கள் அழிந்து குருடாய எலிகளின் கண்மணியும் ஒளிபட்ட வழிச் சுருங்குதலைக் கண்டார். காணாத கண் ஒளியை எவ்வாறு அறிந்தது? அக்காலத்தே விடை கிடைத்திலது. 1998இல் இக்னேசியோ புரோவென்சியோ என்பவரும் அவர்தம் கூட்டத்தாரும் தவளையின் தோலில் மெலனாப்சின் என்னும் ஒளிகொள் பொருளைக் கண்டுபிடித்தனர். அப்பொருள் பாலூட்டும் உயிர்களின் விழித்திரையிலும் உண்டென்பதும், அதனையுடைய நரம்புச் செல்கள் தாமே ஒளியைக் கொள்ள வல்லன என்பதும் 2002ஆம் ஆண்டளவில் தெளிவாயின. ஆக, கண்ணில் மூன்றாவதோர் ஒளிவாயில் உளது என்றாயிற்று.

இம்மூன்றாவது வாயில் பொருள்களின் உருவைக் காட்டுதற்கு அமைந்ததன்று. தெளிந்த வானத்தின் நீலம் போன்ற ஒளியை அது சிறப்பாகக் கொள்கின்றது. கொண்டதனைப் பார்வை நரம்புகள் இரண்டும் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலேயுள்ள ஒரு சிறு நரம்புத் திரளுக்கு உணர்த்துகின்றது. நெல்மணியினும் மிகச் சிறிய அத்திரளில் ஏறத்தாழ இருபதினாயிரம் செல்கள் உள. உடலின் நாழிகை வட்டில் அதுவே. உடற்சூடு ஏறுதலும் இறங்குதலும், பசி எழுதலும், குருதியிற் பலவகைச் சுரப்புக்கள் கூடுதலும் குறைதலும் அதன் ஆணைவழி நடப்பனவாம். இருள் வந்த பின்னர் மூளையின் நடுவணுள்ள பீனியல் என்னும் சுரப்பி மெலடோனின் என்பதனைச் சுரந்து, இரவாயிற்று என உடலெங்கும் பறையறைகின்றது. இது 1958இல் ஆரன் லெர்னர் என்னும் மருத்துவரால் பிரித்தறியப்பட்டது. இரவிற் கண்ணில் வல்லொளி பட்டால் அச்சுரப்புத் தடைப்படும் என்பது 1980இற் புலனாயிற்று.

ஈண்டு ஒரு நுட்பம் அறியத்தக்கது. உடலின் இந்நாழிகை வட்டில் சரியாக இருபத்துநான்கு மணியளவினதன்று. மக்களிற் பெரும்பாலார்க்கு அது சிறிது நீண்டது. நாளொன்றுக்கு ஏறக்குறைய பத்து நிமிடம் பிந்துவது. பிந்துவதை நாடோறும் முன்னிழுத்து ஞாயிற்றோடு பொருத்துவது காலையொளியே. அவ்வொளியை ஒருவன் பெறானாயின் அவனது வட்டில் சிறிது சிறிதாக ஞாயிற்றினின்றும் விலகிச் செல்லும். இரு கண்ணும் அறவே ஒளியிழந்தாருட் பலர்க்கு இவ்வின்னல் மெய்யாகவே உண்டு. ஒருவர்க்கு நாளொன்றுக்கு அரைமணி நேரம் பிந்துமாயின், நள்ளிரவில் வரவேண்டிய ஆழ்ந்த துயில் சில வாரங்களில் நண்பகலுக்கு வந்துவிடும். நாற்பத்தெட்டு நாளளவில் மீண்டும் இரவிற்கு வந்து சேரும். நாற்பத்தெட்டு என்றவுடன் அதனை மண்டலக் கணக்கோடு முடிச்சிடுவார் உளர், அது வேண்டா. கணக்கு அவ்வாறு நேர்ந்தது, அவ்வளவே.

அறவே குருடரானார் யாவர்க்கும் அங்ஙனம் நிகழ்வதில்லை என்பதே வியப்பு. 1995ஆம் ஆண்டிற் சார்ல்ஸ் சீஸ்லர் முதலானோர், ஒளியென்னும் உணர்வே சிறிதுமில்லாத குருடர் சிலர்க்குக் கண்ணில் வல்லொளி பாய்ச்சியபோது மெலடோனின் சுரப்புக் குறைதலையும், கண்களை மறைத்த வழிக் குறையாமையையும் காட்டினர். அவர்தம் கோல்களும் கூம்புகளும் பயனிழந்தன. மூன்றாவது வாயில் மட்டும் கெடாது நின்றது. "இங்கே ஒளியுண்டோ?" என வினவின் "இல்லை, எல்லாம் இருளே" என்பர் அவர். ஆயினும் அவ்வொளி அவர்தம் உடலுட் புகுந்து, இரவையும் பகலையும் வகுத்து, உறக்கத்தை உரிய காலத்தே கூட்டி, நலஞ்செய்துகொண்டே இருந்தது.

அன்பர்காள்! இதனைக் கேட்டவழிச் சித்தாந்தம் பயின்றார்க்குத் திரோதான சத்தி நினைவிற்கு வாராதிருக்குமோ? பெத்த நிலையில் உயிர் இறைவனை அறியாது. "அருளென்று ஒன்றுண்டோ?" என வினவின், இல்லையென்றே அது கூறும். அங்ஙனங் கூறும் உயிரோடும் உடனாய் நின்று, தன்னைக் காட்டாது மறைத்து, மலத்தைத் தொழிற்படுத்திப் பக்குவப்படுத்துவது அத்திருவருளே. மறைத்தல் எங்ஙனம் அருளாகும் என இடர்ப்படுவார் பலர். காணப்படாத ஒளி நலஞ்செய்யும் என்பதற்கு இனி நாம் தொலைவிற் சென்று உதாரணம் தேடவேண்டா. ஒளியையறியாத அக்குருடரின் கண்ணே போதும். ஆயினும் உவமை ஒருபுடையொப்புமையே என்பதை மறத்தலாகாது. ஞாயிற்றினொளி சடம், தான் யார்க்கு உதவுகின்றேன் என அதற்குத் தெரியாது. திருவருளோ அறிவேயாயது. குருடரின் கண் மீளாதொழிதலும் உண்டு. உயிரின் கண்ணோ அவ்வாறு என்றும் ஒழிவதன்று. பிறவியிலேயே கண்ணிழந்த தண்டியடிகள் திருவாரூரிற் கயிறு பிடித்துக் குளங்கல்லிய வரலாற்றை அன்பர் இவ்விடத்து நினைந்துகொள்க.

இனி, ஒளி உடலுக்குச் செய்யும் உதவியில் மற்றுமொரு சிறப்பு உண்டு. ஒரே ஒளி எல்லாக் காலத்தும் ஒரே பயனைத் தருவதில்லை. வைகறை கழிந்து ஞாயிறெழும் காலத்துக் கண்ணிற் புகும் ஒளி, உடலின் வட்டிலை முன்னோக்கி இழுக்கின்றது. அதனால் அன்றிரவு உறக்கம் முன்னதாக வரும். அவ்வொளியே முன்னிரவிலும் நள்ளிரவை அடுத்தும் புகுமாயின் வட்டிலைப் பின்னோக்கித் தள்ளுகின்றது. உறக்கம் பிந்தும், மறுநாட் காலையில் எழுதலும் அரிதாகும். நண்பகலிற் புகுவது பெரும்பாலும் வட்டிலை அசைப்பதில்லை. விழிப்பையும் ஊக்கத்தையும் மட்டும் தரும். ஒளியின்கண் விகாரமில்லை, கொள்ளும் வட்டில் எந்நிலையில் உளதோ அந்நிலைக்கேற்பப் பயன் வேறுபடுகின்றது. ஞாயிறு ஒன்றே நிற்க, அதன் முன்னர்த் தாமரைகளில் ஒன்று அலர்தலும் ஒன்று முகைத்தலும் ஒன்று சோர்தலும் நிகழும் எனச் சைவநூலோர் கூறிய உவமைக்கு இஃது உடலினுள்ளேயே கண்டதோர் உரையாகும். இறைவனுக்கு விருப்பு வெறுப்புண்டு எனக் குற்றங்கூறுவார்க்கு இதனைச் சொல்லலாம்.

இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பின்னர், இளைஞர்தம் வினாவுக்கு வருவோம். வட்டிலே உறக்கத்தையும் விழிப்பையும் நடத்துமாயின் உயிர் எற்றுக்கு?

சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் மெய்கண்ட தேவநாயனார் உயிருண்மை நிறுவும் வழியை அறிந்தார்க்கு இது புதிய வினாவன்று. பிராணவாயுவே உயிர் என்பாரை மறுக்குமிடத்து, உறக்கத்தை எடுத்துக்காட்டுகின்றார் ஆசிரியர். ஒருவன் உறங்கும்போதும் பிராணன் விழித்தபோது இயங்கியவாறே இயங்குகின்றது. ஆயினும் அப்போது நுகர்ச்சியும் இல்லை, தொழிலும் இல்லை. பிராணனே அறிவதாயின் அஃது இயங்கும்வரை அறிவும் நிகழ்தல் வேண்டும், நிகழ்ந்திலது, ஆதலின் அறிவது வேறு, பிராணன் வேறு என்பது துணிபு. இதே வழக்கை நாழிகை வட்டிலின்மேல் வைத்துக் காண்க. அத்திரள் இரவும் பகலும் ஓயாது ஓடுகின்றது. அஃது உறங்குவதில்லை. நாம் உறங்கும்போதும் உறக்கத்தின் அளவை அதுவே எண்ணுகின்றது. எண்ணியும், உறங்குகின்றேன் என்றோ விழித்தேன் என்றோ அஃது அறிந்ததில்லை. பிராணனுக்குக் கூறிய விடையே இதற்கும் விடையாம்.

இதனை இன்னும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பிரெஞ்சு தேசத்து நிலநூலறிஞரான மிஷேல் சிஃப்ர் என்பவர் 1962ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஸ்கராசோன் என்னும் ஆழ்ந்த குகையுட் கடிகாரமுமின்றித் தனியே புகுந்தார். பனிக்கட்டியை அடுத்துக் கூடாரமிட்டு, பகலொளி சிறிதும் எட்டாத அவ்விடத்தே ஏறத்தாழ இரண்டு திங்கள் தங்கினார். விரும்பியபோது உண்டார், துயில் வந்தபோது துயின்றார். விழித்தபோதும் துயிலப் புகும்போதும் மேலேயிருந்த துணைவர்க்குத் தொலைபேசியால் அறிவித்தார். அவர்கள் நேரத்தைக் குறித்துக்கொண்டனரேயன்றி அவர்க்குக் கூறினாரல்லர். செப்டம்பர் 14ஆம் நாள் அவரை வெளிக்கொணர்ந்தபோது, அன்று ஆகஸ்டு 20ஆம் நாள் என்றே அவர் எண்ணியிருந்தார். இருபத்தைந்து நாட்கள் அவர் கணக்கில் இல்லாது மறைந்தன! ஆயின் குறிப்பேட்டைப் புரட்டிய வழி, அவர்தம் உடல் ஏறத்தாழ இருபத்துநான்கரை மணிக்கு ஒருமுறை தவறாது உறங்கியும் விழித்தும் வந்தமை புலப்பட்டது.

இதன் பொருளை ஊன்றி நோக்குக. உடலின் வட்டில் நாளைச் செவ்வனே எண்ணிக்கொண்டிருந்தது. அவ்வுடலை 'என்னுடல்' என்று கூறும் அறிவோ நாளை இழந்தது. வட்டிலே அறிவாயின், வட்டில் எண்ணிய நாளை அறிவும் எண்ணியிருத்தல் வேண்டும். மாளிகையிலுள்ள நாழிகைக் கணக்கன் பொழுது தவறாது மணியடிக்க, அதனைக் கேளாது உள்ளறையில் இருந்த அரசனைப் போன்றது அவர் நிலை. கணக்கன் வேறு, அரசன் வேறு.

இவ்வொன்றைக் கொண்டே உயிருண்மை முற்ற நிறுவப்பட்டதென்று யாம் துள்ளிக் குதிக்கவில்லை. மூளையின் வேறொரு பகுதியே நாளை மறந்தது என எதிர்வழக்காடுவார் கூறலாம், கூறட்டும். அப்பகுதியையும் இதுவே இதுவே எனச் சுட்டியறிவது எது என யாம் மேலும் வினவுவோம். இப்போது வேண்டப்படுவது ஒன்றே: கடிகாரம் கண்டோம், ஆதலின் உயிரில்லை என்னும் முடிபு நில்லாது என்பது. 2017ஆம் ஆண்டில் இக்கடிகாரத்தின் உள்ளமைப்பைப் பழ ஈக்களின்கண் ஆராய்ந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் என்னும் மூவர்க்கு மருத்துவத்திற்குரிய நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. அவர் கண்டது கருவியை. கருவிகளின் இயல்பை எத்துணை நுட்பமாக ஆராயினும் அது நமக்குப் பகையன்று. முப்பத்தாறு தத்துவங்களை ஒவ்வொன்றாக எடுத்து 'இது நானல்லேன்' எனக் கழிக்கக் கற்பிக்கும் சமயம் நம்முடையது.

மற்றொரு திறத்தாரையும் ஈண்டு எச்சரித்தல் கடனாகின்றது. அவர் நம்மவரே, நல்லெண்ணமுடையவரே. பீனியல் சுரப்பிதான் நெற்றிக்கண் என்றும், சாக்கிராவத்தைக்கு இடமாகச் சொல்லப்பட்ட புருவநடு விஞ்ஞானிகள் கூறும் அந்நரம்புத் திரளே என்றும் அவர் எழுதி மகிழ்கின்றனர். சாக்கிரத்தில் முப்பத்தைந்து கருவிகளோடும், சொப்பனத்தில் இருபத்தைந்தோடும், சுழுத்தியில் மூன்றோடும், துரியத்தில் இரண்டோடும், துரியாதீதத்தில் ஒன்றோடும் உயிர் நிற்கும் என்பது அநுபவத்தையும் ஆகமத்தையும் பற்றிய கணக்கு. அதனைக் கத்திகொண்டு அறுத்துக் காணும் உறுப்புக்களோடு ஒட்டவைத்தால், நாளை மருத்துவநூல் மாறும்போது நம் சாத்திரத்தையும் உடன் மாற்ற நேரும். அன்றியும் புருவநடுவிற்குச் சென்ற உயிர் அடுத்துக் கண்டத்திற்கும் இதயத்திற்கும் உந்திக்கும் இறங்குவதை எந்தச் சுரப்பியோடு ஒட்டுவது? இவ்வாறு ஒட்டுவோர் சமயத்திற்குச் சான்று தேடுகின்றோம் என்று கருதி, அதற்குக் கடன் வாங்கிக் கொடுக்கின்றனர்.

இதனினும் கேடானது ஞாயிற்றை வெறுங்கண்ணால் உற்றுநோக்கும் வழக்கம். ஒளி நன்று எனக் கேட்டவுடன், உதிக்கும் ஞாயிற்றை இமையாது நோக்கினால் நோய் தீரும், பசியும் அறும் எனச் சிலர் உபதேசிக்கின்றனர். ஞாயிற்றை நேரே நோக்கின் விழித்திரையின் நடுப்பகுதி வெந்து புண்ணாகும். அப்போது நோவும் தெரியாது. பார்வைக்கேடு நிலைத்தும் விடலாம். சிவபூசையில் முதற்கண் சூரியனிடத்துச் சிவசூரியனைப் பூசிக்கும்படி விதித்த நம் ஆசாரியர்கள் மண்டலத்தை வெறித்து நோக்குக எனக் கூறிற்றிலர். வெளியில் நிற்றலே போதும். வானத்தினின்றும் நிலத்தினின்றும் மரத்தினின்றும் சிதறிவரும் ஒளியே கண்ணுக்கு வேண்டுவதனைத் தந்துவிடும்.

எத்துணை ஒளி வேண்டும் என்பாரும் உளர். ஒளியை லக்ஸ் என்னும் அளவையால் அளப்பர். வெயிலெறிக்கும் நண்பகலில் வெட்டவெளியில் ஏறத்தாழ நூறாயிரம் லக்ஸ் உண்டு. மேகம் மூடிய பகலிலும் வெளியிற் பல ஆயிரம் இருக்கும். விளக்கேற்றிய நம் வீட்டறையிலோ நூறு முதல் முந்நூறு வரையே காணப்படும். முழுமதியின் நிலவு ஒரு லக்ஸுக்கும் குறைந்தது. நம் கண் இவ்வேறுபாட்டை நமக்கு உள்ளவாறு உரைப்பதில்லை; கண்மணி சுருங்கியும் விரிந்தும் விழித்திரை பழகியும் வீட்டறையும் வெளியிடமும் ஏறக்குறைய ஒத்தனவே எனக் காட்டிவிடுகின்றது. அறையுள் அமர்ந்து 'வெளிச்சம் போதுமே' என்பான் கூற்று, மலத்தினுள் இருந்து 'அறிவு போதுமே' என்பான் கூற்றைப் போன்றதே.

பகலெல்லாம் அறையுள் மங்கலிலும், இரவெல்லாம் விளக்கிலும் கைப்பேசித் திரையிலும் இருந்து, பகலையும் இரவையும் ஒன்றாக்கிக்கொண்டது இக்காலத்து வாழ்க்கை. அதனை மீட்க நெடுநாளும் வேண்டுவதில்லை. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவிலே எண்மர் ஒருவாரம் மின்விளக்கின்றி மலைப்புறத்தே கூடாரமிட்டுப் பகலொளியிலும் தீயொளியிலும் வாழ்ந்தனர். அவர்தம் வட்டில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்வந்து ஞாயிற்றோடு பொருந்திற்று. நம் முன்னோர் ஏழு நாளன்று, எழுபதாண்டும் அங்ஙனம் வாழ்ந்தனர். வைகறையில் எழுந்து, நீராடி, திருநீறணிந்து, ஞாயிறெழும்போது வெளியில் நின்று சந்தி முடித்து, திருக்கோயில் வலம்வந்தனர். அவர் அதனை உறக்கத்திற்கு மருந்தெனச் செய்தாரல்லர், சிவபுண்ணியமெனச் செய்தனர். மார்கழித் திங்களிற் குளிரில் எழுந்து திருவெம்பாவையும் திருப்பள்ளியெழுச்சியும் ஓதிவரும் பிள்ளைகள் பெறுவது அருட்பயன்; உடற்பயன் அதனோடு கேளாமலே வருவது.

ஆயின் இருளிற் கட்டுண்டு கிடப்போர்க்கு என் வழி? இதற்கு விடை மதுரையை அடுத்த ஒரு குகையிற் கிடைத்தது என்றால் அன்பர் வியப்பர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராயிருந்த மா. கி. சந்திரசேகரன் என்பவர் உயிர்களின் இக்கால ஒழுங்கை நம் நாட்டில் ஆராய்ந்தோருள் முதன்மையானவர். அவரும் அவர்தம் துணைவரும் வௌவால்களை ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட செய்தி இது. ஒளி சிறிதும் புகாத குகையினுள் ஒருசில வௌவால்களைக் கூண்டிலிட்டு வெளியே பறக்கவொட்டாது வைத்தனர். அக்குகையில் வாழும் பிற வௌவால்கள் மாலைதோறும் வெளியே பறந்து, விடியுமுன் மீண்டு வந்தன. கூண்டிலிருந்தவை இரவையும் காணா, பகலையும் காணா. ஆயினும் தம் இனம் புறப்படும் அரவத்தையும் மீளும் அரவத்தையும் கேட்டு, அவை எழுங்காலத்து எழுந்து, அவை அடங்குங்காலத்து அடங்கி, புறவுலகின் பகலிரவோடு பொருந்தியே வாழ்ந்தன. வேறு வௌவாலில்லாத குகையில் அவ்வாறே கூண்டிலிடப்பட்டவையோ நாளடைவில் ஒழுங்கு பெயர்ந்து தம்போக்கிற் சென்றன.

இச்செய்தியைப் படித்த அன்று எமக்குச் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரமே கண்முன் நின்றது. மலங்கழீஇய அன்பரொடு மருவுதலை ஆசிரியர் ஆண்டு விதித்தமைக்கு உரையாசிரியர்கள் பல காரணங் கூறுவர். நாம் ஒளியைக் கண்டிலேம். கூட்டை விட்டுப் பறக்கவும் வல்லேமல்லேம். ஒளிவழிச் சென்று மீண்டு வருவோர் நம்மிடையே உள்ளனர். அவர் எழும் ஓசையும், அவர் ஓதும் ஓசையும், அவர் அடங்கும் அமைதியும் நம் செவிக்கு எட்டும் இடத்திலே நாம் இருத்தல் வேண்டும். எட்டாத இடத்திருந்து, 'யானும் என் அகத்தே வழிபடுகின்றேன்' என்பான் தன் வட்டில் எவ்வளவு பெயர்ந்துவிட்டது என்பதைத் தானே அறியமாட்டான். சிஃப்ர் அறிந்தாரல்லரே! சைவ சபைகளில் ஆட்கள் குறைந்துவரும் இந்நாளில், வாரத்திற்கு ஒருமுறை நால்வர் கூடி ஓதுவதாற் பயனென் என்பார்க்கு அவ்வௌவால்களை யாம் காட்டுகின்றோம்.

இறுதியாகச் சில உலகியற் செய்திகளைச் சொல்லவேண்டியிருக்கின்றது. இரவில் மருத்துவமனையிலும் ஆலையிலும் காவலிலும், மேல்நாட்டுப் பகலுக்கு ஒத்துச் சென்னை முதலிய நகரங்களிற் கணிப்பொறியின் முன்னும் இருந்து உழைப்போர் நம்முட் பலர். நெடுங்காலம் இரவில் உழைத்தலைப் புற்றுநோய்க்கு ஏதுவாகலாம் என்னும் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த ஆராய்ச்சிக் கழகம் 2007இல் வைத்தது. 2019இல் அம்முடிபை மீண்டும் உறுதிசெய்தது. இவர்களை நோக்கி 'வைகறைத் துயிலெழு' என உபதேசித்தல் கொடுமை. பிறர் உறங்க அவர் விழித்திருக்கின்றனர். இரவுப்பணி முடித்து வருவார், வீடடையுங்காறும் கறுப்புக் கண்ணாடியணிந்து காலையொளியைக் குறைத்துக்கொண்டு, சாளரங்களைத் திரையிட்டு இருளாக்கிய அறையில் ஒரே தொடர்ச்சியாக உறங்குதல் நன்று. பேருந்தோ உந்துவண்டியோ தாமே செலுத்தி வருவார் மட்டும் கறுப்புக் கண்ணாடியை விடுக. விழிப்பே அப்போது முதன்மை. வீட்டார் அவர் துயிலும் பகலை இரவாகவே மதித்து, ஓசை செய்யாதிருத்தல் வேண்டும். எழுந்தபின் அவர் செய்யும் பூசை அவர்க்கு அதுவே காலைப்பூசை. பொழுது தவறியது எனப் பெரியோர் அவரை வருத்தற்க.

முதியோர்க்கு விழியின் ஆடி மஞ்சளித்து, வட்டிலுக்கு வேண்டிய நீலவொளியை உட்செல்ல விடாது தடுக்கும். பகலில் திண்ணையிலோ முற்றத்திலோ அவரை அமர்த்துவது அதனை ஓரளவு ஈடுசெய்யும். கண்புரை முதிர்ந்திருப்பின் மருத்துவர்பாற் காட்டி நீக்குவித்தல் பார்வைக்கேயன்றி உறக்கத்திற்கும் துணையாகலாம். சிறுவரைப் பற்றியும் ஒன்று. சீன தேசத்துக் குவாங்சோ நகரில் பள்ளிச் சிறுவர்க்கு நாடோறும் நாற்பது நிமிடம் கூடுதலாக வெளியில் இருக்கச்செய்து மூன்றாண்டு நோக்கினர். அவருட் கிட்டப்பார்வை புதிதாக உற்றவர் நூற்றுக்கு 30. அங்ஙனம் செய்யாத பள்ளிகளில் நூற்றுக்கு 40 அளவினர். இது 2015இல் வெளிவந்தது. தேவார வகுப்பு நடத்தும் அன்பர்கள் காலையில் அதனைக் கோயிற் பிராகாரத்திலோ மரநிழலிலோ நடத்தலாமே. மூடிய கூடமும் மின்விளக்கும் எதற்கு?

மகாசிவராத்திரியில் நான்கு சாமமும் விழித்தல் ஆண்டிற்கு ஓர் இரவு. அதனால் வட்டில் கெட்டுவிடும் என அஞ்சவேண்டா. மறுநாட் காலையொளியும் அடுத்த இரவின் துயிலும் அதனைச் சீர்செய்யும். நோயாளரும் கருவுற்றோரும் முதியோரும் தம்மால் இயன்ற சாமம் விழித்தல் அமையும். விழித்த இரவின் விடியலிற் கார் ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பும் வழக்கம் மட்டும் நம்மவரிடம் மிகுந்து வருகின்றது. விழித்தவன் ஓட்டற்க, உறங்கிய ஒருவன் ஓட்டுக. அத்தகையான் இல்லையாயின், கோயில் மண்டபத்திலேயே நண்பகல் வரை படுத்துறங்கிப் பின்னர்ப் புறப்படுக.